விழாவும் வரிசையறிதலும்

புறநானூற்றிலே பரிசில் பற்றி எழுந்த பாடல்கள் பல உள. அவற்றுள் இரண்டு, கொடுப்போனின் அறத்தையும் பெறுவோனின் மானத்தையும் ஒருங்கு வைத்து ஆராய்வன. பெருஞ்சித்திரனார் அதியமான் நெடுமான் அஞ்சியை நாடிச் சென்றபோது, அவன் புலவரைக் காணாமலே பரிசிலை மட்டும் கொடுத்தனுப்பினான். புலவர் அதனை ஏற்கவில்லை. முகங்காணாது தரப்படும் பொருள் வணிகனுக்கு உரியதேயன்றிப் புலவனுக்கு உரியதன்று என்பதும், தகுதியறிந்து தரப்படுமாயின் மிகச் சிறிய கொடையும் போதும் என்பதும் அவருடைய நிலைப்பாடு. கபிலர் மலையமான் திருமுடிக்காரிக்குச் சொன்னது இதனோடு தொடர்புடைய மற்றோர் உண்மை. வந்தோர்க்கெல்லாம் வாரி வழங்குவதிலே அருமை ஒன்றுமில்லை. வந்தோருள் ஒவ்வொருவரது தகுதியையும் வேறுபிரித்து உணர்வதே அரிய செயல். ஆதலின் புலவர் அனைவரையும் ஒரு தன்மையராக நோக்கும் பழக்கம் ஒழிதல் வேண்டும் என்பது அவர் கருத்து.

அரசரும் வள்ளல்களும் மறைந்தபின் பரிசில் கொடுக்கும் பொறுப்பு அரசாங்கங்களுக்கும் நிறுவனங்களுக்கும் வாசகர் கூட்டத்துக்கும் உரியதாயிற்று. இக்காலத்து இலக்கிய விழா, அப்பொறுப்பை நிறைவேற்றும் வழிகளுள் ஒன்று. ஒரு பிரதேசத்தின் எழுத்தாளரையும், குறிப்பாக அம்மண்ணின் ஆதிக்குடியினரான எழுத்தாளரையும் அழைத்துப் போற்றும் விழாக்கள் அண்மைக் காலத்திலே பெருகியுள்ளன. இவற்றின் நோக்கம் நன்று என்பதில் ஐயமில்லை. ஆயின் நன்னோக்கம் உடைய செயலெல்லாம் அறமுடைய செயல் ஆகிவிடுவதில்லை. இத்தகைய விழாவிலே மதிக்கப்படுவது எழுத்தா, எழுதியவனின் பிறப்பா? பிறப்பே மதிக்கப்படுமாயின் அது முகங்காணாது அனுப்பிய பரிசிலின் வேறாகுமா? எழுத்து மட்டுமே மதிக்கப்படுமாயின் தனி விழா எதற்கு? இவ்வினாக்களை ஆராய்வதற்கு அவுஸ்திரேலிய நாட்டின் அனுபவம் தக்கதொரு களமாக அமைகின்றது.

அவுஸ்திரேலியாவில் எழுத்தாளர் விழா புதியதொன்றன்று. அடெலெயிட் நகரில் எழுத்தாளர் வாரம் 1960இலேயே தொடங்கப்பட்டது. மெல்பேண் நகரத்தை 2008இல் யுனெஸ்கோ நிறுவனம் இலக்கிய நகரமாக அறிவித்தது. அதே மெல்பேணிலேதான் ஆதிக்குடி எழுத்தாளருக்கேயுரிய 'பிளாக் அன்ட் பிரைட்' என்னும் விழா 2016இல் முதன்முதலாக நடைபெற்றது. இவ்விழாவின் பெயரிலே கறுப்பு நிறத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஓரெழுத்துக் குறைத்தே எழுதப்படுகின்றது. பிறர் இட்ட பெயரை அப்படியே ஏற்காது, தமதாக்கித் திருத்தி வழங்குதல் என்பது அதன் உட்பொருள். நாவலாசிரியர், கவிஞர், நாடகாசிரியர், கதைசொல்லிகள் என்போர் அங்கே ஒருவரோடொருவர் உரையாடுகின்றனர். ஏனையோர் வந்திருந்து கேட்கின்றனர். யாரை அழைப்பது, எதைப் பேசுவது என்பவற்றைத் தீர்மானிப்போரும் ஆதிக்குடியினரே என்பது கவனித்தற்குரியது.

இத்தகைய விழா ஒன்று ஏன் தேவைப்பட்டது என்பதை அறிய வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். 1788இல் பிரித்தானியர் குடியேறத் தொடங்கியபோது அக்கண்டத்தில் 250க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கின. அம்மொழிகளிலே எழுத்து வடிவம் இல்லையாயினும், நிலத்தின் தோற்றம், நீர்நிலை, விலங்கு, உறவுமுறை, ஒழுக்கம் ஆகிய அனைத்தையும் பற்றிய கதைகளும் பாடல்களும் தலைமுறை தலைமுறையாகக் கையளிக்கப்பட்டு வந்தன. உரிமையாளர் எவருமற்ற நிலம் என்னும் கோட்பாட்டின் மேலேயே குடியேற்ற ஆட்சி நின்றது. அக்கோட்பாடு பொருந்தாது என உயர் நீதிமன்றம் மாபோ வழக்கிலே தீர்ப்பளித்தது 1992இலேதான். நிலத்துக்கு உரியவர் இல்லை என்று சொல்லப்பட்டபோது, அந்நிலத்தின் கதைகளுக்கும் உரியவர் இல்லை என்று கொள்ளப்பட்டதில் வியப்பில்லை.

டேவிட் யுனைப்பொன் என்பவரின் வரலாறு இதற்குச் சான்று. தென் அவுஸ்திரேலியாவின் நாரின்ஜெரி இனத்திலே 1872இல் பிறந்த இவர், பேச்சாளர், புதுமை இயற்றுநர், நூலாசிரியர் எனப் பல துறைகளிலே விளங்கியவர். 1920களில் இவர் தம் மக்களிடத்தும் அயலினத்தாரிடத்தும் வழங்கிய புராதனக் கதைகளைத் திரட்டி ஆங்கிலத்தில் எழுதினார். அவ்வெழுத்துப்படி கைமாறி, 1930இலே இலண்டனில் நூலாக வெளிவந்தது. நூலின் முகப்பில் இருந்ததோ வில்லியம் ராம்சே சிமித் என்னும் வெள்ளை இன மருத்துவரின் பெயர். யுனைப்பொன்னின் பெயர் அந்நூலில் எவ்விடத்தும் குறிப்பிடப்படவில்லை. அவர் 1967இல் மறைந்தார். 1995 முதல் அந்நாட்டின் ஐம்பது டொலர் நாணயத்தாளிலே அவர் உருவம் பொறிக்கப்பட்டது. ஆயின் அந்நூல் அவர் பெயரோடு வெளிவந்தது 2001இலேதான். முகம் நாணயத்தாளுக்கு வந்து ஆறு ஆண்டுகளின் பின்னரே பெயர் நூலுக்கு வந்து சேர்ந்தது என்னும் இச்செய்தி, போற்றுதலும் நீதியும் ஒன்றல்ல என்பதைச் சொல்லாமற் சொல்கின்றது.

தனி விழாவுக்கு எதிராகக் கூறப்படும் முதலாவது தடை, இலக்கியத்தின் பொதுமை பற்றியது. நல்ல கவிதைக்கு இனமில்லை, நாடில்லை. தரம் ஒன்றே அளவுகோல். எழுத்தாளனைப் பிறப்பினாற் பிரித்துத் தனி மேடையில் ஏற்றுவது அவனை உயர்த்துவது போலத் தோன்றினும் உண்மையில் அவனைச் சுற்றி வேலியிடுவதேயாகும் என்பர். இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. ஆதிக்குடி எழுத்தாளர் சிலர், தம்மை எழுத்தாளர் என்று அழையாது எப்போதும் ஓர் அடைமொழியோடு அழைப்பதை விரும்புவதில்லை. அடைமொழி தொடர்ந்து ஒட்டிக்கொள்ளுமிடத்து, அது தகுதியைச் சுட்டாது சலுகையைச் சுட்டும் அபாயம் உண்டு.

ஆயின் பொதுமை என்பது வாயளவிற் சொல்லப்படுவதா, நடைமுறையில் நிலவுவதா என்பதை வினாவுதல் வேண்டும். மைல்ஸ் பிராங்க்ளின் என்னும் எழுத்தாளரின் இறுதி விருப்பாவணத்தின் வழி நிறுவப்பட்ட நாவற் பரிசு அந்நாட்டின் முதன்மைப் பரிசுகளுள் ஒன்று. அவுஸ்திரேலிய வாழ்க்கையின் எந்தக் கட்டத்தையேனும் சித்திரிக்கும் நாவலுக்கு அது உரியது. இனத்தைப் பற்றி அதன் விதியிலே ஒரு சொல்லும் இல்லை. எனினும் 1957 முதல் 1999 வரை ஆதிக்குடி எழுத்தாளர் ஒருவரேனும் அதனைப் பெறவில்லை. நூங்கர் இனத்தவரான கிம் ஸ்கொட் 2000ஆம் ஆண்டில் மற்றொருவரோடு பகிர்ந்து பெற்றதே முதல் தடவை. அதன்பின் 2007இல் அலெக்சிஸ் றைட், 2011இல் மீண்டும் கிம் ஸ்கொட், 2019இல் மெலிசா லூகஷென்கோ, 2020இல் தாரா ஜூன் வின்ச், 2024இல் மீண்டும் அலெக்சிஸ் றைட் எனப் பரிசு அவர்களை வந்தடைந்தது. நாற்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகள் ஒருவரும் இல்லை. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுள் ஆறு தடவை. விதி மாறவில்லை. ஆற்றல் திடீரெனப் பிறந்ததாகவும் கொள்ள முடியாது. மாறியது எது?

எழுத்தாளர் உருவாகும் வழிகளும் வாசகரின் செவியும் மாறின என்பதே விடை. 1987இல் புரூம் என்னும் ஊரில் ஆதிக்குடியினருக்கான மகபாலா பதிப்பகம் தோன்றியது. நூலாக வெளிவராத ஆதிக்குடிப் படைப்புகளுக்காக யுனைப்பொன்னின் பெயரால் ஒரு பரிசு 1988இல் ஏற்படுத்தப்பட்டது. 2020இல் மைல்ஸ் பிராங்க்ளின் பரிசு பெற்ற தாரா ஜூன் வின்ச், 2004இலே அந்த யுனைப்பொன் பரிசின் மூலமே அறிமுகமானவர். பொதுப் பரிசுக்கு அவரைக் கொண்டு சேர்த்த வழியிலே தனிப் பரிசு ஒரு படியாக நின்றது. அலெக்சிஸ் றைட்டின் 'கார்பென்ரேரியா'வைப் பெரிய பதிப்பகங்கள் மறுத்தபின் சிறு பதிப்பகம் ஒன்றே வெளியிட்டது. மறுத்தோர் தரம் என்னும் அளவுகோலைக் கையில் வைத்திருந்தோரே. நாற்றுமேடையிலே நாற்றைத் தனியே வளர்ப்பது அதனை வயலிலிருந்து விலக்குவதற்காக அன்று. ஆதலின் தனி விழா வேலியா, நாற்றுமேடையா என்பதை அதன் பெயரைக் கொண்டு தீர்மானித்தல் இயலாது. அங்கே வளர்ந்தவை வயலுக்குச் செல்கின்றனவா என்பதைக் கொண்டே தீர்மானித்தல் வேண்டும். ஆண்டுதோறும் விழாவுக்கு மட்டும் அழைக்கப்பட்டு, ஏனைய நாள்களிற் பாடத்திட்டத்திலும் திறனாய்விலும் நூலகத்திலும் இடம்பெறாத எழுத்தாளனுக்கு அவ்விழா வேலியேயாகும்.

இரண்டாவது தடை உண்மைத்தன்மை பற்றியது. பிறப்புக்கு மதிப்பளிக்கப்படும் இடத்திலே போலிப் பிறப்பும் விலைபோகும் என்பது அதன் சாரம். இதற்கும் அவுஸ்திரேலியாவே சான்று தருகின்றது. 1994இல் வொண்டா கூல்மற்றி என்னும் ஆதிக்குடிப் பெண்ணின் சுயசரிதையாக ஒரு நூல் வெளிவந்து, பெண்களின் முதல் நூலுக்குரிய பரிசொன்றையும் பெற்றது. அப்பெயருடைய பெண் எவரும் இல்லை என்பதும், அதனை எழுதியவர் வெள்ளை இன ஆடவர் ஒருவர் என்பதும் 1997இல் வெளியாயின. தம் இனத்தவர் எழுதின் எவரும் வெளியிடார் என்பது அவர் தரப்பிற் கூறப்பட்ட நியாயம்.

இந்நிகழ்ச்சியைக் காட்டி, பரிசளித்தோர் எழுத்தை நோக்காது பெயரையே நோக்கினர் எனச் சிலர் எள்ளினர். எள்ளலில் ஓரளவு உண்மையுண்டு. ஆயின் 1930ஆம் ஆண்டு நிகழ்ச்சியோடு இதனை ஒப்புநோக்கும்போது வேறோர் உண்மை புலனாகின்றது. முன்னையதில் ஆதிக்குடியினர் ஒருவரின் எழுத்து, வெள்ளையர் பெயரில் வெளிவந்தது. பின்னையதில் வெள்ளையர் ஒருவரின் எழுத்து, ஆதிக்குடிப் பெயரில் வெளிவந்தது. 1930இலே ஆதிக்குடிப் பெயருக்குச் சந்தையில் மதிப்பில்லை; ஆகவே பெயர் அழிக்கப்பட்டு எழுத்து கொள்ளப்பட்டது. 1994இலே அப்பெயருக்கு மதிப்புண்டு. ஆகவே எழுத்து ஒருபுறம் இருக்கப் பெயர் கொள்ளப்பட்டது. இரண்டிலும் எடுத்துக்கொண்ட கை ஒரே பக்கத்திலிருந்தே நீண்டது. ஆதலின் இரண்டாவது நிகழ்ச்சி ஆதிக்குடியினரைத் தனியே மதிப்பதற்கு எதிரான சான்றாகாது. மதிப்பு எங்கு உளதோ அங்கே அதனைக் கவர்வோரும் உளர் என்பதற்கே அது சான்று.

எனினும் ஒரு வினா எஞ்சுகின்றது. நூல் நன்றாயின் அதனை எழுதியவர் யாராயின் என்ன? கற்பனைக் கதையாயின் இவ்வினாவுக்கு வலுவுண்டு. ஆசிரியன் தான் அல்லாத ஒருவனாக நின்று பேசுவது இலக்கியத்தின் அடிப்படை உரிமை. அவ்வுரிமை மறுக்கப்படின் நாடகமும் நாவலும் இல்லை. ஆயின் சுயசரிதை வாசகனுக்குத் தரும் வாக்குறுதி வேறு. இங்கே பேசுபவர் இதை அனுபவித்தவர் என்பதே அவ்வாக்குறுதி. சாட்சிக் கூண்டிலே ஏறிப் பிறர் பெயரிற் சாட்சி சொல்பவனின் சொல்வன்மையைப் புகழ்வதாற் பயனில்லை. கற்பனையின் உரிமையும் சாட்சியத்தின் கடமையும் வெவ்வேறானவை. ஒன்றின் பெயரால் மற்றொன்றை மீறுதல் அறமாகாது.

ஆதிக்குடி மரபுகளிலே கதைக்கும் கதைசொல்லிக்கும் உள்ள உறவு, பதிப்புரிமை என்னும் சட்டக் கருத்துக்குள் அடங்குவதன்று. சில கதைகள் குறித்த குடும்பத்தாரால் மட்டுமே சொல்லத்தக்கவை. சில குறித்த இடத்தில் மட்டும் சொல்லத்தக்கவை. சில பொதுவிற் சொல்லத்தகாதவை. கதை அங்கே உடைமையன்று, பொறுப்பு. இதனை உணர்ந்தே ஆதிக்குடி எழுத்து பற்றிய ஒழுங்குமுறைகளை அவுஸ்திரேலியக் கலைக் கழகம் 2002இல் வெளியிட்டது. விழா என்பதன் இயல்போ எல்லாவற்றையும் எல்லோர்க்கும் திறந்து காட்டுவது. ஆதலின் இத்தகைய விழாவை நடத்துவோர், கேட்போரின் ஆவலை நிறைவேற்றும் கடமையோடு, சொல்வோரின் மௌனத்தைக் காக்கும் கடமையையும் உடையோர் ஆகின்றனர். சொல்லாதிருக்கும் உரிமை இல்லாத இடத்திற் சொல்லும் உரிமை முழுமை பெறுவதில்லை.

மூன்றாவது தடையே மிகக் கடுமையானது. அது விழாவை வேலி என்று கூறாது, திரை என்று கூறுகின்றது. நிலத்தையும் மொழியையும் இழந்த மக்களுக்கு மேடையும் மாலையும் தருவது, தரவேண்டியதைத் தராமல் இருப்பதற்கான உபாயம் என்பது அதன் கூற்று. கனடாவின் டெனே இனத்தவரான கிளென் கூல்தார்ட் என்னும் அறிஞர் 2014இல் வெளியிட்ட நூலிலே, அரசு வழங்கும் அங்கீகாரம் ஆதிக்குடியினரைக் குடியேற்ற அதிகாரத்தோடு இணக்கப்படுத்தும் கருவியாகவே தொழிற்படுகின்றது என வாதிட்டுள்ளார். அவுஸ்திரேலிய விழாக்கள் தொடங்கும்போது அந்நிலத்தின் மரபுவழி உரிமையாளரை நினைவுகூரும் வாசகம் சொல்லப்படுவது வழக்கம். நாள்தோறும் சொல்லப்படும் நன்றிமொழி நாளடைவில் ஓசையாக மட்டும் எஞ்சுவதுண்டு. 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதி, ஆதிக்குடியினரின் ஆலோசனைச் சபை ஒன்றை அரசியலமைப்பிலே இடம்பெறச் செய்வதற்கான மக்கள் தீர்ப்பு எடுக்கப்பட்டது. ஏறத்தாழ 60 வீதத்தினர் அதனை நிராகரித்தனர். ஆதிக்குடி நாவல்கள் முதற் பரிசுகளைப் பெற்றுவந்த அதே காலத்திலேயே இது நிகழ்ந்தது. கதையைக் கேட்பதற்குத் திறந்த செவி, ஆலோசனையைக் கேட்பதற்குத் திறக்கவில்லை.

இத்தடையை முதலில் உணர்ந்தோர் எழுத்தாளரே. கவிஞர் ஊட்ஜரூ நூனுக்கல், கத் வோக்கர் என்னும் பெயரோடு 1964இல் வெளியிட்ட தொகுதியே ஆதிக்குடிக் கவிஞர் ஒருவரின் முதற் கவிதை நூல். அது கவிதையன்று, பிரசாரம் என்று கூறியோரும் இருந்தனர். 1970இல் அவருக்குப் பிரித்தானிய எம்.பி.ஈ. விருது அளிக்கப்பட்டது. குடியேற்றத்தின் இருநூற்றாண்டு நிறைவை 1988இல் விழாவாகக் கொண்டாட அந்நாடு ஆயத்தமானபோது, அதனைக் கண்டித்து அவர் அவ்விருதைத் திருப்பிக் கொடுத்தார். ஆங்கிலப் பெயரையும் துறந்து தம் இனப்பெயரை ஏற்றார். தம் மக்களின் இழப்பு கொண்டாடப்படும் நாட்டிலே தமக்கு மட்டும் சிறப்பு எதற்கு என்னும் உணர்வு அச்செயலிலே தொனிக்கின்றது. பெருஞ்சித்திரனார் பரிசிலை மறுத்த இடமும் ஊட்ஜரூ விருதைத் திருப்பிய இடமும் காலத்தாலும் தேசத்தாலும் சேயன, அறத்தால் அணியன.

அவ்வாறாயின் விழாவே வேண்டாம் எனலாமா? அது பொருந்தாது. ஹெகல் 1807இல் வெளியிட்ட நூலிலே ஆண்டானுக்கும் அடிமைக்கும் உள்ள உறவை ஆராயுமிடத்து, ஒருதலையான அங்கீகாரம் இருவருக்கும் நிறைவு தருவதில்லை எனக் காட்டினார். தான் மதியாத ஒருவனிடமிருந்து பெறும் மதிப்பு ஆண்டானுக்கு மதிப்பாவதில்லை. இதன் மறுதலையும் உண்மை. அளிப்பவன் தன் உயர்நிலையை இழக்காமல் அளிக்கும் மதிப்பு, பெறுபவனுக்கு மதிப்பாவதில்லை. சாள்ஸ் ரெயிலர் 1992இல் எழுதிய கட்டுரையில் இதனை இன்னும் நுட்பமாக்கினார். பிற பண்பாட்டின் ஆக்கங்களைக் கல்லாமலே அவை சிறந்தவை எனத் தீர்ப்பளித்தல் மரியாதையன்று, இரக்கத்தின் வேடமே. அவை கற்கத்தக்க பெறுமதி உடையனவாகலாம் என்னும் எடுகோளோடு அணுகிக் கற்பதே உரிய மரியாதை என்பது அவர் துணிபு. ஆகவே விழாவின் குறைபாடு போற்றுவதில் இல்லை. கற்பதற்கு முன்னரே போற்றிவிடுவதில் உள்ளது.

இங்கே கபிலரின் சொல் மீண்டும் நினைக்கத்தக்கது. ஆதிக்குடி எழுத்தாளர் என்னும் ஒரே பெயரின் கீழ் வான்யி, நூங்கர், விராஜுரி, பன்ஜலங் முதலிய வெவ்வேறு மக்களின் எழுத்தாளரை ஒருங்கே நிறுத்தி ஒரே வகையான கைதட்டலை வழங்குவது பொதுநோக்கே. அலெக்சிஸ் றைட்டின் விரிந்து பரந்த காவிய நடை ஒன்று. சிதைந்த மொழியின் அகராதியையே கதையாக்கும் தாரா ஜூன் வின்சின் உத்தி மற்றொன்று. லூகஷென்கோவின் அங்கதம் வேறொன்று. அனைவரையும் துன்பத்தின் சாட்சிகளாக மட்டுமே நோக்கும் அவை, அவர்களின் கலையை நோக்கத் தவறுகின்றது. குறையைக் குறையென்று சொல்லத் தயங்கும் திறனாய்வும் இதன் பாற்பட்டதே. கண்டிக்கத் துணியாத இடத்தில் உண்மையான பாராட்டும் இல்லை.

உள்ளூர் எழுத்தாளன், ஆதிக்குடி எழுத்தாளன் என்னும் இரு சொற்களும் பெரும்பாலும் இணைத்தே வழங்கப்படுகின்றன. அவை ஒன்றல்ல என்பதைத் தமிழ் வாசகர் சிறப்பாக உணர்தல் கூடும். ஈழத்து எழுத்தாளர் பலர் இன்று அவுஸ்திரேலிய மண்ணிலே வாழ்கின்றனர், எஸ். பொன்னுத்துரை தம் இறுதிக் காலத்தைச் சிட்னியிற் கழித்து 2014இல் அங்கேயே மறைந்தார். ஈழத்தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து அந்நாட்டில் வளர்ந்த சங்கரி சந்திரன் 2023இல் மைல்ஸ் பிராங்க்ளின் பரிசைப் பெற்றார். அவுஸ்திரேலியர் எனப்படுவதற்கு உரியவர் யார் என்பதே அவருடைய நாவல் எழுப்பும் வினாக்களுள் ஒன்று. இவர்கள் அவ்விடத்து உள்ளூர் எழுத்தாளர், ஆதிக்குடியினர் அல்லர். தம் மண்ணை இழந்து சென்றோர், பிறர் இழந்த மண்ணிலே குடியேறியுள்ளனர். இழப்பின் துயரை அறிந்தவனுக்கு அடுத்தவனின் இழப்பைக் கேட்கும் கடமை குறைவதில்லை, மிகுகின்றது.

இக்கடமை கடல் கடந்த நாட்டோடு நிற்பதன்று. ஈழத்திலே 1960களில் மண்வாசனை, தேசிய இலக்கியம் என்பன பற்றி விவாதங்கள் எழுந்தபோது, உழைக்கும் மக்களின் பேச்சை எழுதியோரின் நடை இழிசனர் வழக்கு எனப் பழிக்கப்பட்டது. சிகையலங்காரத் தொழில் செய்த டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' என்னும் 1960ஆம் ஆண்டுத் தொகுதி சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது அத்தகைய சூழலிலேதான். தரம், மரபு என்னும் சொற்கள் எப்போதும் நடுநிலையானவை அல்ல என்பதைத் தமிழிலக்கிய உலகு தன் வரலாற்றினாலேயே அறியும். மேலும், இத்தீவின் ஆதிக்குடியினரான வேடருள் கிழக்குக் கரையோரத்தே வாழ்வோர் தமிழ் பேசுவோர். வேடரின் பாடல்கள் பல, செலிக்மன் தம்பதியினர் 1911இல் வெளியிட்ட ஆங்கில நூலிலே பதிவு பெற்றுள்ளன. தமிழ் விழாக்களின் மேடையிலே அம்மக்களுக்கு உரிய இடம் யாது? அங்கீகாரத்தைக் கோரும் சமூகம், தான் அங்கீகரிக்க வேண்டியோர் தன் வாயிலிலேயே நிற்பதைக் காணாதிருப்பின், அதன் கோரிக்கை அறத்தின் வலுவை இழக்கும்.

அங்ஙனமாயின் அறத்தோடு பொருந்திய விழா எவ்வாறிருத்தல் வேண்டும்? 1758இல் ஜெனீவா நகருக்கு நாடக அரங்கு வேண்டுமா என்னும் விவாதத்திலே ரூசோ ஒரு வேறுபாட்டைக் காட்டினார். அரங்கிலே சிலர் ஆட, இருளில் அமர்ந்து பலர் பார்க்கின்றனர், ஒருவரையொருவர் அறிவதில்லை. திறந்த வெளியில் நிகழும் மக்கள் விழாவிலோ பார்ப்போரே பங்குகொள்வோர். ஆதிக்குடி எழுத்தாளரை மேடையில் நிறுத்தி ஏனையோர் பார்த்துக் கலைவது முதல் வகையைச் சாரும். அது காட்சி, விழாவன்று.

இரண்டாம் வகைக்கு ஓர் எடுத்துக்காட்டு கிம் ஸ்கொட்டும் அவர் இனத்தாரும் மேற்கொண்டுள்ள வேர்லொமின் மொழி, கதைத் திட்டம். 1931ஆம் ஆண்டளவில் அமெரிக்க மொழியியலாளர் ஒருவர் நூங்கர் முதியோரிடம் கேட்டெழுதிய கதைகள் ஆவணங்களாக எஞ்சியிருந்தன. அவற்றை அக்கதை சொன்னோரின் வழித்தோன்றல்களிடம் முதலிலே கொண்டு சென்றனர். அவர்கள் கூடியிருந்து படித்தனர்; மொழியைத் திருத்தினர்; கதைக்குரிய இடங்களுக்குச் சென்று சொல்லிப் பார்த்தனர். அதன் பின்னரே சிறுவர் நூல்களாக வெளியிட்டனர். பாடசாலைகளுக்கும் பொது மக்களுக்கும் எடுத்துச் சென்றனர். கதை முதலில் வீட்டுக்குத் திரும்பியது. பின்னர் வீட்டாரே அதனை விருந்தினருக்குப் பரிமாறினர். அழைப்போர் யார், அழைக்கப்படுவோர் யார் என்னும் முறை இங்கே தலைகீழாகின்றது. எடுத்துச் செல்லப்பட்டதைத் திருப்பிக் கொடுப்பதே முதல் மரியாதை; கேட்பது அதற்கு அடுத்தது; புகழ்வது அதற்கும் பிந்தியது.

இம்முறை வழுவாத இடத்திலே தனி விழா என்பது பிறப்புக்குச் செய்யும் சிறப்பு ஆகாது. பிறப்பினாலே மறுக்கப்பட்ட செவியை எழுத்துக்குத் திருப்பித் தரும் செயலாகவே அது அமையும். எழுத்தா பிறப்பா என்று தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு விடை இவ்விடத்தே கிடைக்கின்றது. கேட்கப்படுவதற்கான வாய்ப்பு, வரலாறு இழைத்த குறையை ஈடுசெய்யும் பொருட்டு வழங்கப்படுவது; அது பிறப்பை நோக்குதல் தகும். கேட்டபின் கூறும் மதிப்பீடோ எழுத்தை மட்டுமே நோக்குதல் வேண்டும். முன்னதை மறுப்போர் நீதியில் வழுவுகின்றனர். பின்னதை மறைப்போர் மரியாதையில் வழுவுகின்றனர்.

அதியமான் கொடுக்காதவனல்லன், கொடுக்கும் விரைவிலே காண மறந்தவன். இக்காலத்து விழாக்களிலும் கொடைக்குக் குறைவில்லை. மாலைகளும் விருதுகளும் உள, மேடைகளும் உள. விழா முடிந்த மறுநாள் அவ்வெழுத்தாளரின் நூலைத் திறந்து, அதனோடு ஒத்தும் முரணியும் உரையாடும் வாசகர் எத்துணைப் பேர் என்பதிலேயே அவர் காணப்பட்டாரா, பரிசில் மட்டும் அனுப்பப்பட்டதா என்பது தெரியவரும்.